தாத்தா அட்டையா, கொழுந்துக் கூடையா?

நான்கு வயது முடியும்வரை என் மகனுக்குக் காக்காவும் தாத்தாதான். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் (வரிசை வீடுகளின்) தகரக் கூரையைக் காட்டி "தாத்தா! தாத்தா!" என்று கத்துவான்; என் மாமனார் "என்னப்பா?" என்று உள்ளேயிருந்து எழுந்து வருவார். சிரித்து ஓய்ந்த பிறகு, 'க' வரவழைக்க வீட்டிலேயே மூன்று விளையாட்டுகளைச் செய்து பார்த்தேன்.

முதலாவது ஜோடி அட்டை. பிஸ்கட் பெட்டியை வெட்டி, ஒன்றில் காக்கா, ஒன்றில் தாத்தா. இன்னொரு ஜோடிக்கு விறகுக் கட்டு, சோற்றுத் தட்டு. அவன் வாயில் எது வருகிறதோ அந்த அட்டைதான் கையில் கிடைக்கும். காக்காவை மனதில் வைத்துக்கொண்டு "தாத்தா" என்றான், தாத்தாவைக் கொடுத்தேன். அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "பிழை" என்று நான் ஒருமுறைகூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஒலியே வராத பிள்ளையிடம் இதை நீட்டினால் அழுகைதான் மிஞ்சும். 'த'வுக்கு நாக்கு நுனி பல்லைத் தொடுகிறது. 'க'வுக்கு நாக்கின் பின்பக்கம் மேலே எழ வேண்டும். பாயில் மல்லாந்து படுக்கவைத்து, வாய் கொப்பளிப்பதுபோல் பாசாங்கு செய்யச் சொன்னேன். நாக்கு பின்னே சரிந்தது. முதல் 'க' அங்கேதான் பிறந்தது.

இரண்டாவது கூடை விளையாட்டு. முதுகில் சின்னக் கூடை, நெற்றியில் கயிறு, அச்சு அசல் கொழுந்து பறிக்கும் அவன் அம்மாயிதான். கரட், கோவா, கிழங்கு, கரண்டி, கோப்பை என்று பெயர் சொல்லிச் சொல்லிப் போட வேண்டும். பத்து நிமிடத்தில் முப்பது தடவையாவது 'க' வந்துவிடும். அட்டையில் அதில் பாதிகூட வராது. சொற்களைத் தேர்வதில்தான் நான் சறுக்கினேன். நகமும் தகரமும் ஒரு வாரம் கூடையில் கிடந்தன. சொல்லின் நடுவில் ஒற்றையாக வரும் 'க' நம் வாயில் 'ஹ' போல மெலிந்துவிடுகிறது, பயிற்சிக்கு உதவாது. சொல்லின் தொடக்கத்தில் வருவது அல்லது சக்கரம், பக்கெட் போல இரட்டித்து வருவதுதான் சரி. கூடையின் குறை என்னவென்றால், நிரப்பும் உற்சாகத்தில் பழைய 'த'வுக்கே திரும்பினாலும் ஆட்டம் நிற்பதில்லை.

மூன்றாவது, நரியும் நரைமுடியும் வரும் பழைய நாநெகிழ் தொடர். மாமியாருக்கு மிகவும் பிடித்தது, எனக்கு இல்லை. ஒலி கைவந்த பிள்ளைக்கு அது வேகப் பந்தயம், வராத பிள்ளைக்குப் பிழையையே மனப்பாடம் செய்யும் வேலை.

ஆகவே எங்கள் வீட்டில் முதலில் கொப்பளிப்பு, பிறகு அட்டை, அதன்பின் தினமும் கூடை. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கும் காதில் சீழ் வடியும் பிள்ளைக்கும் விளையாட்டுக்கு முன்னால் காதுப் பரிசோதனைதான். மழையை 'மளை' என்றால் நான் திருத்தப் போவதில்லை; எங்கள் லயத்தில் பெரியவர்களே அப்படித்தான் சொல்கிறோம்.

'ர' பிந்தி வரும் ஒலி என்பதால் அதை இன்னும் தொடவில்லை. போன மாதம் ஹோட்டன் சமவெளியில் மரை மான்களைக் கண்டு "மலை! மலை!" என்று துள்ளினான். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் தூரத்து மலையைப் பார்த்தார்கள். அன்றிரவே அந்த ஜோடியையும் வரைந்து அலுமாரியில் வைத்துவிட்டேன்.