சுருக்கச் செய்தி: எழுத்தாகத் தருவதா, குரலில் பதிவதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் காலைப் பெரட்டுக்கு (தோட்ட வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் கூட்டத்துக்கு) புறப்படுவோர் கேட்கும்படி, கோயில் அறிவிப்பையும் மழை நிலவரத்தையும் அமேசானின் அலெக்சா ஸ்பீக்கர் வழியே சுருக்கச் செய்தியாக (Flash Briefing) தர இரண்டு வழிகள் உள்ளன.

எழுத்தாகக் கொடுத்து, வாசிப்பை இயந்திரத்திடம் விடுவது எளிது. ஒரு செய்திக்கு 4,500 எழுத்துகள் வரை இடமுண்டு. பூசை நேரம் மாறினால் ஒரு வரியைத் திருத்தினால் போதும். ஆனால் அலெக்சா பேசும் மொழிகளில் தமிழ் இல்லை. ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தால், பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியே காலம் கழித்த பாட்டிக்கு அது யாரோ பேசுவதாகவே இருக்கும்.

ஆகவே நான் நம் குரலில் பேசிய எம்பி3 ஒலிப்பதிவையே தேர்ந்தெடுப்பேன். ஒரு பதிவு 10 நிமிடம் வரை நீளலாம். 2 நிமிடமே நமக்குத் தாராளம். உழைப்பு கூடுதல்தான்: தகரக் கூரையில் மழை கொட்டினால் காத்திருக்க வேண்டும், மின்விசிறியை நிறுத்த வேண்டும், ஒரு சொல் பிழையானாலும் அந்தப் பகுதியை மறுபடி பேச வேண்டும். ஆயினும் தெரிந்த குரல் தமிழில் பேசும்போது வீட்டார் வேலையை நிறுத்திக் கேட்கிறார்கள்.

எந்த வழியானாலும் வெளியீட்டு நேரத்தை உலகப் பொது நேரத்தில் (UTC) குறிக்க வேண்டும். மலேசியாவின் காலை 6 மணி அதில் முந்தைய நாள் இரவு 10 மணியாகும்.