8 ஜிபி வாங்கினேன், மூன்றேகால் கிடைத்தது

தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது என் கடைக் கணினி முரண்டு பிடித்தது. பினாங்கு லிட்டில் இந்தியாவில் சிறிய அச்சுக்கடை வைத்திருக்கிறேன். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் போடும் தண்ணீர்ப் பந்தல்களுக்குப் பதாகை அடிப்பதுதான் எங்களுக்கு ஆண்டின் பெரிய வரும்படி. இருபதடிப் பதாகையின் கோப்பைத் திறந்தால் முருகன் முகம் தெரியவே நான்கு நிமிடம். வேல் வருவதற்குள் "நினைவகம் போதவில்லை" என்று சொல்லி மென்பொருள் மூடிக்கொள்ளும்.

போதவில்லை என்றால் வாங்கிப் போட வேண்டியதுதானே? ஒரு கடையில் 4 ஜிபி ரேம் இரண்டு வாங்கினேன், 120 வெள்ளி (ரிங்கிட்). கடையின் பெயர் வேண்டாம். எந்த விண்டோஸ் வைத்திருக்கிறீர்கள் என்று விற்றவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொருத்திவிட்டு ஆவலோடு திறந்து பார்த்தால், "8.00 ஜிபி (3.24 ஜிபி பயன்படுத்தலாம்)" என்றது விண்டோஸ் 7. என் முட்டாள்தனத்தை அடைப்புக்குறிக்குள் போட்டுக் காட்டியது போலிருந்தது. திரும்பக் கொண்டுபோனால், ரேமில் பழுதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதுவும் உண்மைதான், என்ன செய்வது!

பினாங்கு ரோட்டில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் கணினி பழுதுபார்க்கும் தம்பி ஒருவர் இருப்பதாகப் பூக்கடைக்காரர் சொன்னார். இந்த மதிப்பீடு அவரைப் பற்றியது. பெயர்ப்பலகை கிடையாது. படிக்கட்டில் விளக்கும் கிடையாது.

பெட்டியைத் திறந்ததும் அவர் முதலில் செய்தது, பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை அழிப்பானை எடுத்து ரேமின் பொன்னிறப் பற்களைத் தேய்த்ததுதான். ஊதிவிட்டுத் திரும்பச் செருகினார். எண் மாறவில்லை. "ரேமில் ஒன்றுமில்லை அங்கிள். உங்களுடையது 32 பிட் விண்டோஸ்" என்று சொல்லிவிட்டு, ஜன்னலில் தெரிந்த கொம்தார் என்ற உயரமான கட்டடத்தைக் காட்டினார். "மேலே எத்தனை மாடி கட்டினாலும், லிஃப்டில் பொத்தான் இல்லாத மாடிக்குப் போக முடியுமா? இதில் பொத்தான் 4 ஜிபி வரைக்கும்தான். அதிலும் மேல்மாடிகள் சிலவற்றை கிராபிக்ஸ் அட்டையும் மற்றச் சாதனங்களும் பிடித்துக்கொண்டன. மிச்சம்தான் உங்கள் 3.24."

கணக்குப் பார்த்தால் சரியாகத்தான் வருகிறது. 32 பிட்டில் எழுதக்கூடிய முகவரிகள் 4,294,967,296. முகவரிக்கு ஒரு பைட் என்று வைத்தால், அதுதான் 4 ஜிபி. ஆனால் எனக்கு எரிச்சலூட்டியது அடுத்து அவர் சொன்னதுதான். 1995-இல் வந்த பென்டியம் புரோ காலத்திலேயே 36 பிட் முகவரி வசதி, பிஏஇ என்ற பெயரில், சில்லுக்குள் வந்துவிட்டதாம். மைக்ரோசாஃப்டின் 32 பிட் சர்வர் 2008 என்டர்பிரைஸ் பதிப்பு 64 ஜிபி வரை எடுத்துக்கொள்ளும். நம்மைப் போன்றவர்கள் வாங்கும் பதிப்புக்கு மட்டும் 4 ஜிபியில் பூட்டு. உயர்ந்த முகவரிகளைக் கண்டால், சாதனங்களை இயக்கும் நிரல்களான டிரைவர்கள் பல தடுமாறி விழுந்தன என்பது காரணம். காரணம் நியாயமானதுதான், இருந்தாலும் மனம் ஆறவில்லை. 1972-லேயே இன்டெல் ஆலை வந்த தீவில் உட்கார்ந்துகொண்டு இதை இத்தனை வயதில்தான் தெரிந்துகொள்கிறேன்.

64 பிட் போட்டால் தீர்ந்தது. விண்டோஸ் 7-இன் ஹோம் பிரீமியம் பதிப்பில்கூட 16 ஜிபி ஓடும். ஆனால் என் ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்துக்கு 32 பிட் டிரைவர்தான் உண்டு, அதை 64 பிட் விண்டோஸ் ஏற்காது. தொண்ணூறுகளில் வாங்கிய 16 பிட் தமிழ்த் தட்டச்சு நிரலும் அதில் திறக்காது. பழைய திருமண அழைப்பிதழ்கள் எல்லாம் அந்த நிரலில்தான் கிடக்கின்றன. விண்டோஸின் கருவைத் திருத்திப் பூட்டை உடைக்கும் வழியைப் பற்றி நானே கேட்டேன். "டிரைவர் ஏதாவது விழுந்தால் தைப்பூசத்துக்கு முதல்நாள்தான் விழும்" என்று மறுத்துவிட்டார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவருக்குக் கூடுதல் மதிப்பெண்.

அவர் செய்தது வேறு. கணினி தொடங்கும்போது ஓடும் அடிப்படை நிரலான பயோஸில், சாதனங்கள் பிடித்த இடத்து ரேமை 4 ஜிபிக்கு மேலே நகர்த்தும் நினைவக மறுவரைவு வசதியை இயக்கி, பிஏஇ இயங்குகிறதா என்று பார்த்து, விண்டோஸ் தொடாத அந்த மேல்மாடி ரேமை ஒரு ரேம் டிஸ்க்காக, அதாவது வட்டு போல நடந்துகொள்ளும் நினைவகமாக, மாற்றினார். கணினி அதை இசட் டிரைவ் என்று நினைத்துக்கொள்கிறது. படத்தொகுப்பு மென்பொருளின் தற்காலிகக் கோப்புகளை எல்லாம் அங்கே திருப்பிவிட்டார். கூடவே, ஒரு நிரலுக்கு 2 ஜிபி என்றிருக்கும் வரம்பை, அதற்கென்று எழுதப்பட்ட நிரல்களுக்கு மட்டும் 3 ஜிபியை நெருங்க உயர்த்தினார். இப்போது அதே பதாகை ஒரு நிமிடத்துக்குள் வேலோடும் மயிலோடும் திறக்கிறது. 2020 ஜனவரியோடு விண்டோஸ் 7-க்கான ஆதரவு முடிந்துவிட்டதால் இணையக் கேபிளையும் பிடுங்கிவிட்டார். கோப்புகள் இனி பென்டிரைவில்தான்.

கூலி 60 வெள்ளி. ரசீது கேட்டால்தான் எழுதித் தருகிறார். சொன்ன நாளுக்கு இரண்டு நாள் தாமதம், தொலைபேசியையும் எடுக்கவில்லை. இன்னொரு குறை: மின்சாரம் போனால் ரேம் டிஸ்க்கில் இருப்பது அத்தனையும் போய்விடும் என்று படிக்கட்டில் இறங்கும்போது வாய்மொழியாகச் சொன்னார். இதை எழுதி ஒட்டியிருக்க வேண்டும். முதல் வாரமே பந்தல் பதாகை ஒன்றை ஞாபகமறதியாக இசட்டில் சேமித்துவிட்டுக் கணினியை அணைத்தேன். மறுநாள் காலை டிரைவ் வழித்துத் துடைத்தாற்போல் இருந்தது. மூன்று மணி நேர வேலை. இப்போது திரையின் ஓரத்தில் என் மகள் ஒட்டிய மஞ்சள் தாள் இருக்கிறது: "இசட்டில் சேமிக்காதீர்கள் அப்பா."

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஆறு மணிக்கு முன்னால் போங்கள், இருட்டிவிட்டால் அந்தப் படிக்கட்டில் கால் வைக்க முடியாது.