பிள்ளைகளோடு உதயகிரிக் கோட்டைப் பூங்கா

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் சாலையில், தக்கலைக்குச் சற்று முன்பாகப் புலியூர்க்குறிச்சியில் இறங்கினால், சுமார் 90 ஏக்கர் பரப்புள்ள உதயகிரிக் கோட்டை வந்துவிடும். அதனுள்ளே வனத்துறை பராமரிக்கும் பல்லுயிர்ப் பூங்காவையே, பிள்ளைகளோடு அரைநாள் செலவிடக் கன்னியாகுமரி மாவட்டத்தில் முதலில் பரிந்துரைப்பேன். ஊஞ்சலும் சறுக்கலும் அலுத்துப்போன பிள்ளைகளுக்கு, இங்குள்ள மான்களும் மயில்களும் அடர்ந்த மர நிழலும் பெரும் மகிழ்ச்சி தருகின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது டிலனாய் கல்லறைதான். 1741-ஆம் ஆண்டு குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் பிடிபட்ட இந்த டச்சுக் கம்பெனிப் படைத்தலைவர், பின்னர் அவருடைய படைக்கே பயிற்சியளித்து, இக்கோட்டையிலேயே பீரங்கி வார்க்கும் பட்டறையையும் மேற்பார்வையிட்டார் என்று சொன்னதும், ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்று கேட்டார்கள். கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. என் மகள் தமிழ் எழுத்துகளை விரலால் தடவி, ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தாள்.

உள்ளே நடை அதிகம். ஆகையால் சிறு குழந்தைகளோடு வருபவர்கள் வெயில் ஏறுமுன் வந்துவிடுவது நல்லது, தண்ணீரும் தின்பண்டமும் கையோடு இருக்கட்டும். நேரமிருந்தால் அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையையும் சேர்த்துப் பார்க்கலாம். அங்கே திங்கட்கிழமை விடுமுறை.