எல்லாவற்றையும் ‘லோ’வில் வைத்தால் போதுமா? கவுன்டர் ஸ்ட்ரைக் 2 காட்சி அமைப்புகள்

கவுன்டர் ஸ்ட்ரைக் 2 என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தை அது வெளிவந்த 2023 செப்டம்பரிலிருந்து நடுத்தரமான ஒரு கணினியில், 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும்) மானிட்டரில் ஆடிவருகிறேன். இடையிடையே அதே வகை ஆட்டமான வேலரண்டும் உண்டு. காட்சி அமைப்புகளைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: எல்லாவற்றையும் ‘லோ’வில் வை, எஃப்பிஎஸ் (நொடிக்கு வரையப்படும் பிரேம்கள், அதாவது படங்கள்) எகிறும். எகிறும்தான். எதிரி கண்ணில் படுவானா என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

நிழலை எடுத்துக்கொள்வோம். சுவரோரமாக ஒருவன் பதுங்கி வருகிறான், வெளிச்சம் அவனுக்குப் பின்னாலிருந்து விழுகிறது. ஆள் மூலையைத் தாண்டுவதற்கு முன்பே துப்பாக்கியின் நிழல் தரையில் நீண்டுவிடுகிறது. அந்த அரை நொடி முன்னறிவிப்புக்காக ஐந்தாறு பிரேம்களைத் தாராளமாக விட்டுக்கொடுக்கலாம். ‘டைனமிக் ஷேடோஸ்’ அமைப்பை ‘ஆல்’ என்று வைத்திருக்கிறேன். ‘சன் ஒன்லி’ என்றால் வெயிலில் விழும் நிழலோடு சரி. நிழலின் தரத்தையும் ‘ஹை’யிலிருந்து இறக்கவில்லை.

அடுத்தது விளிம்புகளை மென்மையாக்கும் எம்எஸ்ஏஏ. இதை முழுவதும் அணைத்தால் கம்பி வேலிகளும் கூரை விளிம்புகளும் ஓயாமல் மினுமினுக்கின்றன. தொலைவில் தெரியும் தலை அந்த மினுமினுப்பில் கரைந்துபோகிறது. 4எக்ஸ் போதும், 8எக்ஸுக்கு என் கிராபிக்ஸ் அட்டை மூச்சு வாங்குகிறது. ஆட்களைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டும் ‘பூஸ்ட் பிளேயர் கான்ட்ராஸ்ட்’ எப்போதும் இயக்கத்தில்தான். துகள்கள், மூலைமுடுக்குகளில் மென்னிழல் சேர்க்கும் ஆம்பியன்ட் அக்லூஷன் போன்ற அலங்காரங்களைக் கண்ணை மூடிக்கொண்டு குறைத்துவிடலாம். படத்தைக் குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்கும் எஃப்எஸ்ஆர் வேண்டாம், பிரேம்கள் கூடும், தூரத்து உருவங்கள் குழம்பிவிடும்.

எண்களில் நம்மை ஏமாற்றுவது சராசரி எஃப்பிஎஸ்தான். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒவ்வொரு 6.9 மில்லி நொடிக்கும் ஒரு புதிய படத்தைக் காட்டத் தயாராக நிற்கிறது. வெறும் சுவரைப் பார்த்து நிற்கும்போது 250 எஃப்பிஎஸ் வந்து என்ன பயன்? இரண்டு புகைக்குண்டுகளும் ஒரு தீக்குண்டும் ஒரே இடத்தில் வெடிக்கும்போது ஒரு பிரேம் வரைந்து முடிய 15 மில்லி நொடி பிடித்தால், அந்த நேரம் பார்த்து மவுஸ் சேற்றில் சிக்கியதுபோல இழுக்கும். சண்டை நடப்பதும் அங்கேதான். அதனால் நான் பார்ப்பது மிக மோசமான ஒரு சதவீதப் பிரேம்களின் எஃப்பிஎஸ் அளவை. அது சரிந்தால்தான் எந்த அமைப்பையும் குறைப்பேன்.

கிராபிக்ஸ் அட்டை 99 சதவீதச் சுமையில் திணறும்போது பிரேம்கள் வரிசையில் காத்துக் கிடக்கின்றன. கை அசைவு திரைக்கு வரத் தாமதமாகிறது. 2020இல் வந்த என்விடியா ரிஃப்ளெக்ஸ் இந்த வரிசையைத்தான் சுருக்குகிறது. பிரேமை மானிட்டரின் தாளத்துக்குக் காத்திருக்க வைக்கும் வி-சிங்க்கை மட்டும் தனியாக இயக்கினால் படம் கிழிவது (இரு பிரேம்களின் துண்டுகள் ஒரே திரையில் தெரிவது) நிற்கும், மவுஸ் கனத்துவிடும். ஜி-சிங்க் (மானிட்டரே பிரேம்களின் வேகத்துக்கு இசைவது), வி-சிங்க், ரிஃப்ளெக்ஸ் மூன்றையும் சேர்த்து இயக்கினால் 144 ஹெர்ட்ஸில் எஃப்பிஎஸ் 138 அளவில் தானே நிற்கும். படமும் கிழிவதில்லை, மவுஸும் கனப்பதில்லை. என்னோடு ஆடுபவர்களில் சிலர் வரம்பே வைக்காமல், கிழிசலைப் பொறுத்துக்கொண்டு ஆடுகிறார்கள். அவர்கள் கை அப்படி, நான் வாதாடுவதில்லை.

4:3 விகிதப் படத்தை அகலத் திரை முழுக்க இழுத்து ஆடுவதற்கு ரசிகர் கூட்டம் பெரிது. தொழில்முறை ஆட்டக்காரர்களில் பலர் இன்றும் 1280x960தான். எதிரி அகலமாகத் தெரிகிறான் என்பது உண்மை. அதே விகிதத்தில் திரையைக் குறுக்கே வேகமாகக் கடக்கவும் செய்கிறான். 16:9இல் ஏறத்தாழ 106 பாகையாக இருக்கும் பார்வை 90ஆகச் சுருங்குவதால், ஓரத்தில் நிற்பவன் திரையிலேயே இல்லை. எனக்கு அது ஒத்துவரவில்லை. வேலரண்டில் கிடைமட்டப் பார்வை 103 பாகையிலேயே நிற்பதால், திரையை இழுத்தாலும் எதிரி பருக்கப்போவதில்லை.

திரைப் புள்ளிகளின் நிறமாற்றத்தை விரைவாக்கும் மானிட்டரின் ஓவர்டிரைவை உச்சத்தில் வைக்காதீர்கள். ஓடுபவனுக்குப் பின்னால் வெளிறிய வால் ஒன்று ஒட்டிக்கொண்டே வரும், நடுநிலை போதும். கேபிளையோ டிரைவரையோ மாற்றினால் விண்டோஸ் சில சமயம் சத்தமில்லாமல் 60 ஹெர்ட்ஸுக்குத் திரும்பிவிடுகிறது, அதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய அப்டேட் வந்த நாளில் ஷேடர்கள் (ஒளியையும் நிறத்தையும் கணக்கிடும் சிறு நிரல்கள்) மறுபடி உருவாகும்வரை ஆட்டம் திக்கித் திக்கித்தான் ஓடும். அன்று தரவரிசைப் போட்டிக்கு முன் தரவரிசையில் சேராத ஒரு டெத்மேட்ச் ஆடிவிடுவது என் வழக்கம்.