மூன்று ஆண்டுகளாக ஓர் ஆடிட்டர் அலுவலகம்: திருப்பூரிலிருந்து ஒரு வாடிக்கையாளரின் மதிப்பீடு

திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனி ஒன்றை நடத்தி வருகிறேன். ஆண்டு விற்பனை 4 கோடி ரூபாயை ஒட்டி இருக்கும். ரொக்க வரவு செலவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 10 கோடி வரை வரித் தணிக்கை, அதாவது கணக்கை ஆடிட்டர் சரிபார்த்து அறிக்கை தருவது, தேவையில்லை என்றாலும், வாரக் கூலியைச் சனிக்கிழமைதோறும் ரொக்கமாகவே கொடுக்கும் எங்களுக்கு அந்தச் சலுகை கிடைக்காது. அந்தத் தணிக்கைக்காக மூன்று ஆண்டுகளாக நான் செல்லும் அலுவலகத்தின் பெயரை, குறைகளையும் சொல்லப்போவதால், இங்கே தவிர்க்கிறேன்.

ஆடிட்டரை ஆண்டுக்கு இரண்டு முறை பார்த்தால் அதிகம். அறிக்கையில் அவருடைய கையெழுத்தும் அறிக்கைக்கான தனி அடையாளமான 18 இலக்க யூடிஐஎன் எண்ணும் இருக்கும். ஆனால் என் கணக்கை வரிவரியாக அறிந்தவர் அங்கே பணிபுரியும் கணக்காளரான ஒரு பெண்தான். எனவே இந்த மதிப்பீடு பெரும்பாலும் அவருடைய வேலையைப் பற்றியது.

மாதாமாதம் 14ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில், எங்களுக்கு விற்றவர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் 2பி பட்டியல் வந்ததும், அதை டேலி மென்பொருளில் உள்ள எங்கள் கொள்முதல் பதிவோடு ஒப்பிட்டு, விடுபட்ட பில்களின் பட்டியலை 16ஆம் தேதிக்குள் அனுப்பிவிடுவார். நூல் வியாபாரி எங்கள் பில்லைத் தன் ஜிஎஸ்டி கணக்கில் ஏற்றாவிட்டால், வாங்கும்போது நாங்கள் கொடுத்த உள்ளீட்டு வரியை எங்கள் வரியில் கழிக்க முடியாது. பட்டியல் கையில் இருப்பதால் அந்த வியாபாரியை உடனே விரட்டிப் பிடிக்க முடிகிறது. முன்பு நான் சென்றுகொண்டிருந்த இடத்தில் இந்த விவரம் ஆண்டு முடிந்த பிறகே தெரியவரும்.

முதல் ஆண்டில் அவர் என்னிடம் கேட்ட ஒரு கேள்வி இன்னும் நினைவிருக்கிறது. பட்டன் கடைக்கு 24,000 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, எனக்குத் தோன்றிய சாமர்த்தியத்தில், எட்டாயிரம் வீதம் மூன்று வவுச்சர் எழுதியிருந்தேன். மூன்றிலும் ஒரே தேதி. ஒருவருக்கு ஒரே நாளில் ரொக்கமாகக் கொடுத்த மொத்தம் 10,000 ரூபாயைத் தாண்டினால் வருமான வரிச் சட்டத்தின் 40ஏ(3) பிரிவின்படி அந்தச் செலவு முழுவதும் ஏற்கப்படாது என்று விளக்கியவர், வவுச்சரின் தேதியை மாற்றித் தரட்டுமா என்று நான் கேட்டபோது மறுத்துவிட்டார். அன்று சற்றுக் கோபம் வந்தது உண்மைதான்.

இந்த அலுவலகத்துக்கு நான் கொடுத்த கட்டணம் முழுவதும் பலனாகத் திரும்பிவந்தது 2023-24 நிதியாண்டில். சிறு, குறு நிறுவனங்களுக்குக் கொடுக்க வேண்டிய தொகையை, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் கொடுக்காமல் மார்ச் 31 அன்றும் நிலுவையில் வைத்திருந்தால், அது அந்த ஆண்டின் செலவாகாது என்னும் வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) விதி அந்த ஆண்டுதான் நடைமுறைக்கு வந்தது. சாயப்பட்டறைக்கும் நிட்டிங் யூனிட்டுக்கும் மூன்று மாதக் கடன் என்பது இங்கே ஊர் வழக்கம். அவர் ஜனவரியிலேயே நான் பணம் தர வேண்டியவர்கள் ஒவ்வொருவரின் உத்யம் சான்றிதழையும் (சிறு, குறு நிறுவனப் பதிவுச் சான்று) கேட்டு வாங்கி, யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று ஒரே தாளில் எழுதிக் கொடுத்தார். பெரும்பகுதியை மார்ச்சுக்குள் தீர்த்துவிட்டேன். மீதி வருமானத்தில் சேர்ந்தது, பணம் கொடுத்த அடுத்த ஆண்டில் செலவாகக் கழிந்தது.

இனி குறைகள். தணிக்கைக் காலமான செப்டம்பரில் எங்கள் கோப்பைப் பயிற்சி மாணவர் ஒருவரிடம் மாற்றிவிடுகிறார்கள். ஜாப் ஒர்க் டெலிவரி செலான், அதாவது வெளியே வேலைக்குக் கொடுக்கும் சரக்கோடு அனுப்பும் சீட்டு, என்றால் என்ன என்பதிலிருந்து மறுபடியும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. இரவு பத்து மணிக்கு வங்கி ஸ்டேட்மென்ட் கேட்டு வாட்ஸ்அப் வருவதும் அந்த மாதத்தில்தான். கட்டண பில்லில் தணிக்கை, ஜிஎஸ்டி, டிடிஎஸ் எல்லாம் சேர்த்து ஒரே வரியாக, ‘தொழில்முறைக் கட்டணம்’ என்று மட்டும் இருக்கும்; பிரித்துக் கேட்டு இரண்டு முறை எழுதியும் பதில் இல்லை.

ஏப்ரலில் புதுப்பிக்கும்போது, செப்டம்பரிலும் என் கோப்பு அந்தக் கணக்காளரிடமே இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அதற்காகக் கட்டணம் சற்றுக் கூடினாலும் கொடுப்பேன்.