சுங்கை சிப்புட் தீவனக் கடை: சரக்கு நல்லாருக்கு, யோசனை மட்டும் கேக்காதீங்க

கடை பேரு போடல, மலேசியா பேராக்ல இருக்க இந்த டவுன்ல ஆடு வளக்குற நம்மாளுங்களுக்கு சொல்லாமலே புரியும். நாலு வருஷமா அங்கதான் வாங்குறேன். பிகேசி (செம்பனை கொட்டைல எண்ண எடுத்தப்புறம் மிஞ்சுற புண்ணாக்கு) எப்பவும் புதுசு, மூட்டைய பிரிச்சா வறுத்த தேங்கா மாதிரி வாசம், சிக்கு வாடை அடிச்சதே இல்ல, எடையும் சரியா இருக்கும்.

போன மாசம் பிகேசி தீந்து போச்சு. கவுண்டர்ல இருந்த பையன் "அங்கிள், கோழித்தீனி எடுத்துக்கங்க, சத்து கூட, ஆடு சீக்கிரம் கொழுக்கும்"னான், நானும் தலையாட்டிட்டு வந்து ஒரே நாள்ல மாத்தி கொட்டிட்டேன். மறுநாள் விடியக்காலைல கெடா எந்திரிக்கல, இடது பக்கம் வயிறு மேளமா உப்பி கெடக்கு, பல்ல நறநறன்னு கடிக்குது, அசை போடவே இல்ல.

வெட்டினரி டாக்டர் வந்ததும் "தீனி மாத்துனீங்களா?"ன்னுதான் மொதல்ல கேட்டாரு. ஆட்டோட பெரிய வயித்துல செரிக்க வெக்கிறதே கிருமிங்கதானாம். புல்லுன்னா மெதுவா புளிக்கும், மணிக்கணக்கா அசை போடும், அப்ப ஊறுற எச்சில்ல சோடா உப்பு மாதிரி சத்து இருக்கு, அது புளிப்ப அடக்கிடும். கோழித்தீனில இருக்க சோளமாவு திடீர்னு எறங்குனா கிருமி வேகமா தின்னுட்டு லாக்டிக் ஆசிட்டா தள்ளும், தூள் தீனிக்கு அசையும் கம்மி, எச்சிலும் கம்மி. கோழிக்கும் நமக்கும் அப்படி இல்ல, மாவுச்சத்து குடல்லயே சக்கரையா ஒடஞ்சு நேரா ரத்தத்துக்கு போயிடும் (எனக்கு சுகர், காலைல ரெண்டு ரொட்டி சானாய் தின்னா மீட்டரே காட்டிக்குடுத்துடும்). ஆடு அந்தளவுக்கு சக்கரையா இழுக்கறதில்ல, கிருமி போடுற ஆசிட்டதான் சக்தியா எடுக்குது, லிவரு அதுல ஒண்ண சக்கரையா மாத்திக்குமாம்.

கெடா பொழச்சிருச்சு. பாதி தப்பு என்னோடதுதான், எந்த புது தீனின்னாலும் ஒரு வாரம் பத்து நாளு கொஞ்சங்கொஞ்சமா கலந்துதான் மாத்தணும். ஆனா விக்கிறவனுக்கு தெரிய வேணாமா? அதே பையன் நேத்து செம்மறி வெச்சிருக்க ஒரு அண்ணன்கிட்ட பிகேசி மட்டும் போட்டா போதும்னு சொல்லிட்டிருந்தான். பிகேசில செம்பு சத்து ஜாஸ்தி, வெள்ளாடு ஓரளவுக்கு தாங்கும், செம்மறிக்கு லிவர்லயே சேந்து ஒருநாள் பொசுக்குனு ஆள கவுத்திடும். நான் குறுக்க புகுந்து சொன்னேன், மொறச்சான்.

சனிக்கிழமை போனா பெரிய தவுக்கே (கடை மொதலாளி) இருப்பாரு. என்ன ஆடு, எத்தன மாசம், மேய்ச்சல் இருக்கான்னு கேட்டுட்டுதான் மூட்டைல கை வெப்பாரு. அவருக்காக மூணு ஸ்டார். மழைன்னா கடை வாசல் ஒரே சேறு, சிலிப்பர் போட்டுட்டு போயிராதீங்க.