லொகேஷன் சொல்றதுல யாரு பெட்டர், டவரா போனா?

எமர்ஜென்சி நம்பர் 112க்கு அடிச்ச உடனே கன்ட்ரோல் ரூம் ஸ்க்ரீன்ல நாம நிக்கிற எடம் செவப்பு புள்ளியா வந்துடும்னு நெறைய பேரு நெனச்சிட்டு இருக்காங்க, சினிமா குடுத்த நம்பிக்கை அது. நெஜத்துல நெட்வொர்க் வழியா லொகேஷன் வெளிய போக பல ரூட் இருக்கு. ஒண்ணுல அஞ்சு பத்து மீட்டர் சுத்தளவுல ஆள புடிச்சிடலாம், இன்னொண்ணுல அஞ்சு கிலோமீட்டருக்கு தேடணும், ஆனா ரெண்டையும் லொகேஷன்னு தான் சொல்றாங்க.

மொதல்ல பழைய ஆளு, செல் ஐடி. கால் பேசும்போது போன் எந்த டவர்ல, அந்த டவரோட எந்த பக்கத்துல (செக்டார்) இருக்குன்னு நெட்வொர்க்குக்கு தெரியும், கூடவே டைமிங் அட்வான்ஸ்னு ஒண்ணு, அதாவது சிக்னல் போய் வர்ற நேரத்த வச்சு டவர்ல இருந்து எவ்ளோ தூரம்னு ஒரு கணக்கு. 2ஜில அந்த கணக்கு சுமார் 550 மீட்டர் 550 மீட்டரா தான் தாவும், 4ஜில சுமார் 78 மீட்டர். தூரம் ஓரளவு தெரியும், தெச சரியா தெரியாது. டவர் நெருக்கமா இருக்குற சிட்டில ஓகே, கிராமத்துல ஒரே டவர் பல கிலோமீட்டருக்கு கவர் பண்ணும்போது ஆம்புலன்ஸ்காரர் என்ன பண்ணுவாரு? ஆனா ஒரு விஷயத்துல இத அடிச்சுக்க முடியாது, பட்டன் போனுக்கும் வேலை செய்யும், ஜிபிஎஸ் வேணாம், போனோட தயவே வேணாம்.

அடுத்தது கன்ட்ரோல் பிளேன், அதாவது நம்ம டேட்டா போற வழி இல்ல, நெட்வொர்க்கும் போனும் தங்களுக்குள்ள பேசிக்கற சிக்னலிங் வழி. ஆபரேட்டர்களோட முறைப்படியான வழி இது தான். வெளிய இருந்து ஒரு சர்வீஸ் லொகேஷன் கேட்டா அது ஜிஎம்எல்சி அப்படிங்கற வாசலுக்கு தான் வரும். கேக்குறது யாரு, எதுக்குன்னு அங்க தான் செக்கிங். எமர்ஜென்சின்னாலோ சட்டப்படி போலீஸ் கேட்டாலோ கஸ்டமரோட பிரைவசி செட்டிங்க தாண்டி போகும், கமர்ஷியல் சர்வீஸ்னா கஸ்டமர் ஓகே சொல்லிருக்கணும். அப்புறம் 5ஜின்னா, போன் எங்க கனெக்ட் ஆகிருக்குன்னு பாத்துக்கற ஏஎம்எஃப் வழியா எல்எம்எஃப்க்கு போகும், கணக்கு போடுறது அந்த எல்எம்எஃப் தான். அது பல டவர் சிக்னல அளந்து சொல்லும், இல்ல போன்கிட்டயே பேசி ஜிபிஎஸ்ஸுக்கு ஹெல்ப் பண்ணும். இந்த ஹெல்ப் சாதாரணம் இல்ல, ஜிபிஎஸ் சேட்டிலைட் செகண்டுக்கு 50 பிட் ஸ்பீடுல தான் பேசுது, அதோட பாதை விவரத்த முழுசா வாங்கவே அர நிமிஷம் கிட்ட ஆகும், நல்ல சிக்னல் இருந்தா. அதே விவரத்த நெட்வொர்க் கையில குடுத்துட்டா சில செகண்டுல வேலை முடிஞ்சிடும். எல்லாமே சிக்னலிங்ல போறதால டேட்டா ஆஃப்ல இருந்தாலும் கவலை இல்ல. ஒரே குறை காசு, ஆபரேட்டர் இதுக்குன்னு தனியா பெட்டி வாங்கி வைக்கணும், அதனால தான் எல்லா நாட்டுலயும் இது ஒழுங்கா இருக்காது.

எஸ்யூபிஎல்னு இன்னொண்ணு இருக்கு, கிட்டத்தட்ட இதே பேச்சு வார்த்த, ஆனா இன்டர்நெட் கனெக்‌ஷன் மேல. செலவு கம்மி, டேட்டா இல்லன்னா கத முடிஞ்சுது. அவ்ளோ தான்.

இப்ப வர்றவரு தான் மொத்த ஆட்டத்தையும் மாத்துனவரு, ஏஎம்எல், அதாவது அட்வான்ஸ்டு மொபைல் லொகேஷன். இங்கிலாந்துல பிடி, ஈஈங்கற டெலிகாம் கம்பெனிகளும் போன் கம்பெனி எச்டிசியும் சேந்து 2014ல ஆரம்பிச்சது. நெட்வொர்க் எதுக்குங்க கணக்கு போடணும், போன்ல தான் ஜிபிஎஸ், வைஃபை எல்லாம் இருக்கே, எமர்ஜென்சி கால் போனா போனே லொகேஷன ஆன் பண்ணி, கொஞ்ச செகண்டுல பொசிஷன் எடுத்து, சத்தமில்லாம ஒரு எஸ்எம்எஸ்ல அனுப்பிட்டா போச்சு. ஐடியா இவ்ளோ சிம்பிள். 2016ல கூகுள் இதுக்கு ஈஎல்எஸ் (எமர்ஜென்சி லொகேஷன் சர்வீஸ்)னு பேர் வச்சு ஆண்ட்ராய்டுல சேத்தாங்க, 2018ல ஐஓஎஸ் 11.3ல ஆப்பிளும் வந்தாச்சு, ஐரோப்பாவுல 2022 மார்ச் 17க்கு அப்புறம் மார்க்கெட்டுக்கு வர்ற ஸ்மார்ட்போன் எமர்ஜென்சி கால்ல கலிலியோ (ஐரோப்பாவோட ஜிபிஎஸ் மாதிரி), வைஃபை ரெண்டையும் வச்சு லொகேஷன் குடுத்தே ஆகணும்னு சட்டம். இந்தியாவுல 2025 கடைசில உத்தரப் பிரதேசம் தான் மொதல்ல 112ஓட ஈஎல்எஸ்ஸ இணைச்சுது. குறை இல்லாம இல்ல, பட்டன் போன்ல வராது, ரோமிங்ல எஸ்எம்எஸ் சொந்த நாட்டு சென்டர் வழியா சுத்திட்டு வர்றதால சொதப்பும். இருந்தாலும் எமர்ஜென்சிக்கு என் ஓட்டு இதுக்கு தான்.

ஆனா கஸ்டமர் நெஜமாவே அங்க தான் இருக்காரான்னு பேங்க் மாதிரி ஆளுங்க கேக்கும்போது கத அப்படியே திரும்பிடுது. போன் சொல்றது துல்லியமா இருக்கும், ஆனா ஃபேக் ஜிபிஎஸ் ஆப் ஒண்ணு போட்டா மும்பைல ஒக்காந்துட்டு துபாய்ல இருக்கேன்னு காட்டலாம், டவர அப்படி ஏமாத்துறது லேசுப்பட்ட காரியம் இல்ல. அதனால தான் மொபைல் ஆபரேட்டருங்களோட உலக சங்கமான ஜிஎஸ்எம்ஏ, வெளி கம்பெனிங்க நெட்வொர்க்க கேள்வி கேக்க 2023ல ஓப்பன் கேட்வே ஆரம்பிச்சதும், அதுக்கு ஏபிஐ (ஒரு சாஃப்ட்வேர் இன்னொண்ண கேக்குற வழி) எழுதுற கமாரா ப்ராஜெக்ட்ல லொகேஷன் வெரிஃபிகேஷன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. பேங்க் ஒரு வட்டத்த குடுத்து கஸ்டமர் இதுக்குள்ள இருக்காரான்னு கேக்கும், நெட்வொர்க் ஆமா, இல்ல, பாதி, தெரியல, இதுல ஒண்ண சொல்லும். எடம் எதுன்னு சொல்லாது. எனக்கு இந்த டிசைன் ரொம்ப புடிச்சிருக்கு, கேட்ட கேள்விக்கு மேல ஒரு அணு கூட வெளிய போகல. லொகேஷனயே எடுத்துக் குடுக்குற ஏபிஐயும் அதே கமாராவுல இருக்கு, பேங்குக்கு அது எதுக்குன்னு தான் புரியல.

லொகேஷன் தப்பான கைக்கு போயிடுமோங்கற பயம் சும்மா வர்றது இல்ல. அமெரிக்காவுல ஆபரேட்டருங்க லொகேஷன லொகேஷன்ஸ்மார்ட் மாதிரி நடு ஏஜென்டுங்களுக்கு வித்தாங்க, அவங்க இன்னொருத்தருக்கு, அவரு வேற ஒருத்தருக்கு. கஸ்டமர் கிட்ட சம்மதம் வாங்குற வேலையையும் அப்படியே கை மாத்தி விட்டாங்க. 2018ல அது வெளிய வந்து நாறுச்சு, மிசௌரில ஒரு ஷெரிஃப் (உள்ளூர் போலீஸ் தலைவர்) முறையான உத்தரவே இல்லாம ஆளுங்கள தேடிருக்காரு. 2024 ஏப்ரல்ல அமெரிக்க டெலிகாம் கண்காணிப்பு அமைப்பான எஃப்சிசி பெரிய ஆபரேட்டருங்க மேல மொத்தமா சுமார் 20 கோடி டாலர் அபராதம் போட்டுச்சு, அவங்க கோர்ட்டுக்கு போனாங்க. கவனிங்க, ஜிஎம்எல்சி வாசல் எதுவும் ஒடையல, வாசல தாண்டி போன டேட்டா யார் கைக்கு போகுதுன்னு பாக்க தான் ஆள் இல்ல. ஏஎம்எல்ல இந்த தொல்லையே கெடையாது, வெளிய இருந்து யாரும் அத தட்டி எழுப்ப முடியாது, உங்க போன்ல இருந்து எமர்ஜென்சி நம்பருக்கு போனா மட்டும் தான் முழிக்கும்.

ஆண்ட்ராய்டு வச்சிருக்கவங்க செட்டிங்ஸ்ல லொகேஷன், அதுக்குள்ள லொகேஷன் சர்வீசஸ் போய் பாருங்க, எமர்ஜென்சி லொகேஷன் சர்வீஸ்னு இருக்கும். பிரைவசின்னு சொல்லி மத்தத எல்லாம் ஆஃப் பண்ணுங்க, இத மட்டும் விட்டுடுங்க.